ரோடு இல்லாத மலை ஊர்ல எப்படி வாழ்றாங்க, ஏன் கீழ வர மாட்டேங்குறாங்க? கொஞ்சம் நீளமான பதில்

கேள்வி இதுதான்: ட்ரெக்கிங் போன வழியில ரோடே இல்லாத ஒரு மலை ஊரைப் பாத்திருக்கீங்க, அம்பது அறுபது வீடு, கரண்ட் கம்பம் இருக்கு ஆனா கடை இல்ல, ஆஸ்பத்திரி இல்ல, இந்தக் காலத்துல எப்படி அங்க காலத்தை ஓட்டுறாங்க, கவர்மெண்ட் கீழ இடம் குடுத்தா வந்துட வேண்டியதுதானே, அடுத்த தடவை போகும்போது என்ன வாங்கிட்டுப் போலாம். மூணுக்கும் சேத்தே சொல்றேன். ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி, கொல்லிமலைன்னு வேலை விஷயமா பல வருஷம் சுத்தினவன், அதனால தமிழ்நாட்டு மலைங்க அளவுல தான் பேசுவேன்.

மலைன்னதும் நமக்கு ஊட்டி கொடைக்கானல் தான் ஞாபகம் வரும். ஆனா நீங்க கேக்குற மாதிரி ஊருங்க நிறைய இருக்கறது கிழக்குத் தொடர்ச்சி மலையில, வேலூர் திருவண்ணாமலையில ஆரம்பிச்சு தர்மபுரி, கள்ளக்குறிச்சி, சேலம், நாமக்கல்னு துண்டு துண்டா நிக்குற மலைங்க, பெரும்பாலும் ஆயிரம் மீட்டர் சுத்தி உயரம். அங்க இருக்கறவங்க பெரும்பாலும் மலையாளிங்கற பழங்குடி (கேரளாக்காரங்க இல்ல, தமிழ் தான் பேசுவாங்க, காஞ்சிபுரம் பக்கத்துல இருந்து மலையேறி வந்தோம்னு அவங்களே கதை சொல்லுவாங்க). மேற்குப் பக்கம் போனா இருளர், குறும்பர், காடர், முதுவர், பளியர்னு வேற வேற ஆளுங்க, வேற மாதிரி காடு. எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்ட முடியாது, ஆனா ரோடு இல்லாத ஊர்னு வந்துட்டா சில விஷயம் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தான் இருக்கும்.

அந்த ஊரைப் புரிஞ்சுக்கணும்னா ஒரே ஒரு கணக்கு போதும், என்ன எடை, எவ்வளவு தூரம் தூக்கணும். அவ்வளவுதான். நல்ல பழக்கப்பட்ட ஆள் ஏத்தத்துல இருபத்தஞ்சு முப்பது கிலோ தூக்குவாரு, அதுக்கு மேல போனா பாதி வழியில உக்காந்துடுவாரு. இப்ப ரொம்ப ஏழைக் குடும்பங்களுக்குக் குடுக்கற அந்தியோதயா ரேஷன் கார்டுக்கு மாசம் 35 கிலோ அரிசி. கீழ இருக்கற நமக்கு அது பைக்குல பத்து நிமிஷ வேலை. அங்க அது ரெண்டு நடை, இல்லன்னா வீட்டுல ரெண்டு பேர் ஒரு நாள் கூலியை விட்டுட்டு போகணும், அதுவும் அன்னைக்கு கடை திறந்திருந்து, மெஷின்ல கைரேகை விழுந்து, சர்வர் வேலை செஞ்சா. இலவச அரிசின்னு நாம சொல்றோம், அங்க அதுக்கு ஒரு நாள் சம்பளம் விலை.

வீடு கட்டறதையும் இதே கணக்குல பாருங்க. சிமெண்ட் மூட்டை 50 கிலோ, ஒரு ஆள் தூக்கவே முடியாது, கழுதையோ குதிரையோ வேணும், இல்லன்னா மேல இருக்கறவங்க பிரிச்சு பாதி பாதியா கொண்டு போவாங்க. கம்பி, ஜல்லி, மணல் எல்லாம் இப்படித்தான். கீழ வாங்குன விலையில சுமைக் கூலி ஏறி ஏறி மேல போய் சேரும்போது அது வேற பொருளாவே ஆயிடும். பிரதமர் வீடு திட்டத்துல சமவெளிக்கு ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம், மலை மாநிலங்களுக்கும் கஷ்டமான பகுதிகளுக்கும் 1.30 லட்சம்னு வச்சாங்க, வித்தியாசம் பத்தாயிரம். அந்தப் பத்தாயிரம் மணலை மட்டும் மேல ஏத்தவே பத்தாது. அதனால தான் மலை ஊர்ல பாதி கட்டி நிக்குற தொகுப்பு வீடுங்களை நிறைய பாப்பீங்க, ஜனங்க சோம்பேறிங்கன்னு நினைச்சுடாதீங்க. பக்கத்துலயே மூங்கில் தட்டி வச்சு மண் பூசி, மேல புல்லு வேஞ்ச பழைய வீடு இருக்கும், குளிருக்கும் வெயிலுக்கும் அதுதான் சௌகரியம், ஆனா புல்லு கிடைக்கறதும் கஷ்டமாயிட்டு வருது.

சரி, சாமானாவது லேட்டா வந்து சேரட்டும். ஆள் உடம்புக்கு முடியலன்னா என்ன பண்றது? ஒரு நீளமான மூங்கில் கழி, அதுல கெட்டியான போர்வையை தூளி மாதிரி கட்டி நோயாளியை உள்ள படுக்க வைப்பாங்க, டோலின்னு சொல்லுவாங்க. முன்னாடி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் தூக்கணும், ஆனா ரெண்டு பேர் போனா பத்தாது, தோள் மாத்திக்கிட்டே வரணும், ஏழெட்டு ஆம்பளைங்களாவது வேணும். இறக்கத்துல முன்னாடி இருக்கறவர் மேல முழு பாரமும் விழும், மழை பெஞ்சிருந்தா பாறை வழுக்கும், ராத்திரின்னா ஒருத்தன் டார்ச் பிடிச்சு முன்னாடி போகணும், வழியில யானை நிக்குதான்னு வேற பாக்கணும். 108 ஆம்புலன்ஸ் 2008ல இருந்து தமிழ்நாட்டுல ஓடுது, நல்ல சேவை, அதை நான் குறையே சொல்ல மாட்டேன், ஆனா அது வண்டி. வண்டி போற இடம் வரைக்கும் தான் வரும். அடிவாரத்துல நின்னுட்டு போன் பண்ணும், மேல சிக்னல் இருக்காது.

இன்னொரு விஷயம் யாரும் யோசிக்கறதில்ல. டோலி தூக்க ஆம்பளைங்க வேணும், ஆனா வருஷத்துல பாதி மாசம் ஊர்ல வயசுப் பசங்களே இருக்க மாட்டாங்க, கேரளா கர்நாடகா எஸ்டேட்டுக்கோ திருப்பூருக்கோ போயிருப்பாங்க. அந்த நேரத்துல பாம்பு கடிச்சா தூக்க ஆள் தேடணும். எந்த மாசத்துல நோய் வருதுங்கறது கூட அங்க பிழைக்கிறதையும் சாகறதையும் தீர்மானிக்குது.

2023 மே மாசம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில நடந்ததை நீங்க செய்தியில பாத்திருப்பீங்க. ஒன்றரை வயசு குழந்தையைப் பாம்பு கடிச்சிடுச்சு, ரோடு சரியில்லாம ஆஸ்பத்திரி போய் சேர்றதுக்குள்ள குழந்தை போயிடுச்சு, அதுக்கப்புறம் உடம்பைக் கொண்டு வந்த ஆம்புலன்ஸ் பாதி வழிக்கு மேல ஏற முடியாம நின்னுடுச்சு, அந்தம்மா குழந்தையைக் கையில தூக்கிட்டு பல கிலோமீட்டர் மலையேறி நடந்தாங்க. நாடு பூரா செய்தியாச்சு. செய்தியாகாதது நிறைய.

பிரசவம் இதைவிட சிக்கல். இதுக்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கு, மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல பிரசவ காத்திருப்பு அறைன்னு வச்சிருக்காங்க, தேதிக்கு முன்னாடியே கர்ப்பிணியைக் கொண்டு வந்து தங்க வச்சுடலாம், சாப்பாடு குடுப்பாங்க. பேப்பர்ல பாத்தா பிரச்சினை தீந்த மாதிரி தான். ஆனா அந்தப் பொண்ணு பத்து பதினஞ்சு நாள் கீழ வந்துட்டா மேல இருக்கற மூத்த குழந்தையை யார் பாக்கறது, ஆட்டை யார் ஓட்டறது, கூட இருக்க மாமியாரும் வந்துட்டா வீட்டுல யாரு? அதனால கடைசி நாள் வரைக்கும் தள்ளிப் போடுவாங்க, நர்ஸ் வந்து திட்டுவாங்க, "சரிக்கா நாளைக்கு வர்றேன்"னு சொல்லிட்டு வீட்டுலயே பெத்துக்குவாங்க. இதுல அறியாமை கொஞ்சம் இருக்கலாம், ஆனா பெரும்பங்கு வீட்டு வேலைக்கணக்கு தான். அந்தக் கணக்கைப் புரிஞ்சுக்கிட்டவங்க தான் ஜெயிச்சிருக்காங்க. தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில 1993ல டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் ஒரு குடிசையில ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க, சிட்டிலிங்கி மலை உச்சி இல்ல, கல்வராயனுக்கும் சித்தேரிக்கும் நடுவுல இருக்கற பள்ளத்தாக்கு, ஆனா அப்ப அதுவும் ஒதுங்கின இடம் தான். அங்க பிறக்கற ஆயிரம் குழந்தைக்கு 147 குழந்தை ஒரு வயசுக்குள்ள செத்துட்டு இருந்த நிலைமை, அது பின்னாடி இருபது சுத்தி வந்துச்சு. வெளியூர்ல இருந்து பத்து டாக்டரைக் கூட்டிட்டு வந்து இதை செய்யல, அந்த ஊர்ப் பொண்ணுங்களையே நர்ஸ் வேலைக்கு பழக்கினாங்க, வயசான பொம்பளைங்களை ஊருக்கு ஒருத்தரா சுகாதாரப் பணிக்குப் பழக்கி விட்டாங்க. ராத்திரி வலி வந்தா பக்கத்து வீட்டு அத்தைக்கு என்ன செய்யணும்னு தெரியும், எப்ப கிளம்பியே ஆகணும்னும் தெரியும். பாதி உயிர் அங்கயே காப்பாத்தப்பட்டுடுது.

விவசாயத்துக்கு வருவோம், இதுவும் எடை கணக்கு தான். மேல ஒரு பலா மரத்துல எவ்வளவு காய்க்கும்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும், ஆனா சீசன்ல பாதி பழம் மரத்தடியில அழுகும், கரடி சாப்பிடும். ஏன்னா ஒரு பழம் பதினஞ்சு கிலோ, அதைத் தூக்கிட்டு இறங்கினா கூலிக்கு கூட தேறாது. மிளகு அப்படி இல்ல, ஒரு மூட்டை காஞ்ச மிளகு நல்ல காசு, காபியும் அப்படித்தான், ஏலக்காய் அதுக்கு மேல. அதனால ரோடு இல்லாத ஊர்ல எடை கம்மியா விலை அதிகமா இருக்கறதை மட்டும் தான் விக்க முடியும், மத்ததெல்லாம் வாய்க்கு. காட்டுல எடுக்கறதும் அப்படித்தான், தேன், கடுக்காய், நெல்லிக்காய், கல்பாசி, புளி, துடைப்பப் புல்லு. இதையெல்லாம் வாங்க லாம்ப்ஸ் சொசைட்டி (பழங்குடி மக்களுக்கான கூட்டுறவு சங்கம்) இருக்கு, ஆனா யாபாரி தான் முந்திக்குவாரு, எப்படின்னா ஆடி மாசம் பொண்ணு காதுகுத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ பணம் வேணும்போது முன்பணம் குடுத்துடுவாரு, காய்ச்சதும் அவர் சொல்ற விலைக்கு அவருக்கே போடணும். சொசைட்டி நல்ல விலை குடுத்தாலும் ஆடி மாசம் பணம் குடுக்காதே.

சாப்பாட்டுக்கு முன்னாடி சாமை, தினை, கேழ்வரகு, கூட கொள்ளு, அவரை, மொச்சை. சாமை மூணு மாசப் பயிர், மானாவாரி, சரிவுல வரும், உமியோட வச்சா வருஷக்கணக்குல கெடாது. அடுப்புக்கு மேல பரண் கட்டி விதைச் சோளமும் சுரைக்குடுக்கையில விதைங்களும் வச்சிருப்பாங்க, புகை ஏறி ஏறி பூச்சி அண்டாது, அதே புகை தான் சமைக்கிற பொம்பளையோட நெஞ்சையும் கெடுக்குது, ரெண்டும் உண்மை. ஆனா சாமையை உரல்ல குத்தி அரிசியாக்கறது இருக்கே, அது பொம்பளைங்க இடுப்பை ஒடிக்கிற வேலை, ரேஷன் அரிசி வந்ததும் முதல்ல சந்தோஷப்பட்டது அவங்க தான், இதை சிறுதானியம் சிறுதானியம்னு பேசறவங்க மறந்துடறாங்க. 2023ஐ உலக சிறுதானிய ஆண்டுன்னு கொண்டாடினோம், நல்லது, ஆனா குத்தற மெஷின் இல்லாத ஊர்ல போய் சாமை சாப்பிடுங்கன்னா யாரு கேப்பா. கொல்லிமலையில எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகள்ல இருந்து வேலை பண்ணப்போ அரைக்கிற மெஷினையும் ஊர் விதை வங்கியையும் கையில எடுத்தது அதனால தான்.

தண்ணி பத்தி சுருக்கமா. மேல சுனை, ஊத்து, ஓடை. ஐப்பசி கார்த்திகையில வேணும்ங்கற அளவு, பங்குனி சித்திரையில ஊத்துல ஒரு குடம் ஊற நேரம் ஆகும், வரிசையில குடத்தை வச்சுட்டு காட்டுக்குப் போயிட்டு வருவாங்க. ஓடைக்கு மேல இருந்து பைப் போட்டு இறக்கினா மோட்டாரே வேண்டாம், தானா வரும், ஆனா யானை தடத்துல பைப் போனா அதை மிதிச்சுட்டுத் தான் போகும், திரும்ப பைப் வாங்கி தூக்கிட்டு வரணும், திரும்ப எடை.

பள்ளிக்கூடம். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளின்னு இருக்கு, தங்கிப் படிக்கிறது, சில இடத்துல ரொம்ப நல்ல வாத்தியாருங்க, சில இடத்துல திங்கக்கிழமை மத்தியானம் வந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பறவங்க. அவங்களையும் ரொம்ப திட்ட முடியல, அவங்க குடும்பம் கீழ, மழை நாள்ல மூணு மணி நேரம் ஏறணும். ஆனா அஞ்சாவது முடிச்சு எட்டாவது முடிச்சு பசங்க நிக்கறதுக்கு இது மட்டும் காரணம் இல்ல, சாதிச் சான்றிதழ்னு ஒண்ணு இருக்கு. மலையாளின்னு எஸ்.டி. பட்டியல்ல இருக்கு, ஆனா பழைய தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சி, புதுக்கோட்டைன்னு மாவட்டப் பேரோட இருக்கு. ஈரோடு அதுல இல்ல. அதனால பர்கூர் மலையில இருக்கற மலையாளிக்கு அந்த சான்றிதழ் கிடைக்காது, மேட்டூர் பக்கம் பாலமலையில இருக்கற சொந்தக்காரனுக்கு கிடைக்கும். பல வருஷமா கேட்டுட்டு இருக்காங்க. மலைக்கு மாவட்ட எல்லை போட்டது யாரோ, அனுபவிக்கிறது இவங்க.

ஓட்டுப் பெட்டி மட்டும் எல்லா ஊருக்கும் தவறாம வரும். ஒவ்வொரு தேர்தலுக்கும் பென்னாகரம் தொகுதி கோட்டூர் மலைக்கு கழுதை மேல மெஷினைக் கட்டி ஏத்திட்டுப் போற போட்டோ பேப்பர்ல வரும், கொடைக்கானல் பக்கத்து வெள்ளகவிக்கு குதிரை மேல, போதமலைக்கு ஆளுங்க தலையில. ஜனநாயகத்தின் அழகுன்னு தலைப்பு போடுவாங்க. அதே பாதையில வருஷம் பூரா ஜனங்க சுமக்கறது போட்டோ ஆகாது.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி. ரோடு ஏன் போடல? பணம் இல்லாமயா? பல இடத்துல பணம் ரெண்டாவது பிரச்சினை. ஊர் வருவாய் நிலத்துல இருக்கும், ஊருக்குப் போற வழி காப்புக்காடு. 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு நிலத்தை வேற வேலைக்கு எடுக்க மத்திய அரசு அனுமதி வேணும். 2006 வன உரிமைச் சட்டத்துல (காட்டுல வாழறவங்களுக்கு அவங்க நிலத்து மேல உரிமை குடுக்கற சட்டம்) ஒரு வழி விட்டாங்க, ரோடு, பள்ளிக்கூடம், குடிநீர்னு 13 வசதிகளுக்கு கிராம சபை பரிந்துரைச்சா ஒரு ஹெக்டேருக்குள்ள, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டாம, மாவட்ட அளவிலேயே அனுமதி குடுக்கலாம். நல்ல பிரிவு. ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு ஹெக்டேர்னா பத்தாயிரம் சதுர மீட்டர், ஓரக் கால்வாய் தடுப்புச்சுவர் எல்லாம் சேத்து ரோடு அஞ்சு மீட்டர் அகலம்னு வச்சா ரெண்டு கிலோமீட்டரோட தீந்துடும். ஊர் ஏழு எட்டு கிலோமீட்டர் உள்ள இருந்தா இந்த வழி பத்தாது, பழையபடி மாத்து நிலம் குடுத்து, மரம் நட பணம் கட்டி, பெரிய ஃபைலா போகணும். நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் பக்கத்து போதமலை அப்படித்தான் இழுத்துச்சு, கீழூர் மேலூர் கெடமலைன்னு மூணு ஊர், சுதந்திரம் வந்து எழுபது வருஷத்துக்கு மேல ஆகி தான் கிட்டத்தட்ட 140 கோடி ரூபாய்க்கு ரோடு திட்டம் அனுமதியாகி 2024ல வேலை ஆரம்பிச்சது. புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கற ஊருன்னா இன்னும் ரெண்டு கதவு தட்டணும்.

வனத்துறை வில்லன்னு நான் சொல்ல வரல. அவங்க பாக்கலன்னா பாதி மலை குவாரியும் ரிசார்ட்டும் ஆகியிருக்கும். ஆனா ஜனங்களுக்கு அவங்க மேல ஏன் பயம்னு தெரியணும்னா வாச்சாத்தியைப் படிங்க. 1992 ஜூன் 20, சித்தேரி மலை அடிவாரம், சந்தனக்கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை சேந்து உள்ள புகுந்து ஊரையே சூறையாடினாங்க, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செஞ்சாங்க. 269 பேர் மேல குற்றச்சாட்டு, 2011ல உயிரோட இருந்த 215 பேருக்கும் தண்டனை, 2023ல சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி பண்ணுச்சு. முப்பத்தோரு வருஷம். அந்த வட்டாரத்துல காக்கிச் சட்டையைப் பாத்தா இன்னும் வயசானவங்க உள்ள போயிடுவாங்க, அப்புறம் கணக்கெடுக்க வந்தேன், கையெழுத்து போடுங்கன்னா யார் போடுவா?

வன உரிமைச் சட்டம் 2006ல வந்தும் தமிழ்நாட்டுல பட்டா குடுக்கறது லேட்டானதுக்கும் ஒரு கதை இருக்கு. 2008ல சென்னை உயர் நீதிமன்றம் ஒரு இடைக்கால உத்தரவு போட்டு, பட்டா குடுக்க கோர்ட் அனுமதி வேணும்னு ஆயிடுச்சு, அது 2016ல தான் உச்ச நீதிமன்றத்துல நீங்குச்சு. எட்டு வருஷம் போச்சு. பட்டா இல்லன்னா என்ன ஆகும்? காட்டுப்பன்னி ஒரே ராத்திரியில மரவள்ளியைக் கிளறிட்டுப் போனா நஷ்ட ஈடு கேக்க பேப்பர் இல்ல. பேங்க் லோன் இல்ல. மரத்து மேல பரண் கட்டி ராத்திரி பூரா தகரம் தட்டி காவல் காக்கறதைத் தவிர வேற இன்சூரன்ஸ் கிடையாது.

அப்போ கீழ வந்துடலாமே? ஒரு பாட்டிகிட்ட இதையே நான் கேட்டிருக்கேன். "கீழ வந்தா வாடகை யார் சாமி குடுப்பா? இங்க ஆடு இருக்கு, ரெண்டு பலா இருக்கு, செத்தா புதைக்க எங்க ஆளுங்க பக்கத்துலயே இடம் இருக்கு"ன்னாங்க. உணர்ச்சியா கேட்டாலும் இது முழுக்க பொருளாதாரம். மேல அவங்களுக்கு நிலம், விறகு, கீரை, கிழங்கு, வீடு எல்லாம் காசில்லாம. கீழ வந்த அன்னைக்கே எல்லாத்துக்கும் காசு, கையில இருக்கற தொழில் மிளகுக் கொடி ஏறறதும் தேன் எடுக்கறதும், அதுக்கு கீழ வேலை இல்ல, அதனால கூலி தான். புலிகள் காப்பகத்துல இருந்து தானா வெளிய வர்ற குடும்பத்துக்கு 10 லட்சம்னு இருந்ததை 2021ல 15 லட்சமா ஆக்கினாங்க. பெரிய தொகை மாதிரி தெரியும். அதுல கீழ ஒரு வீடு கட்டி, பயிர் வைக்க நிலமும் வாங்க முடியுமான்னு உங்க ஊர் நில விலையை வச்சு நீங்களே பாருங்க. நிலத்துக்கு நிலம் குடுத்து, ஊரோட சேத்து குடியமர்த்தினா வர்றதுக்கு தயாரா இருக்கறவங்களும் இருக்காங்க, குறிப்பா படிச்ச பசங்க. பணத்தைக் கையில குடுத்து தனித்தனியா பிரிச்சு விட்டா ரெண்டு வருஷத்துல ஒண்ணும் இருக்காது.

ஏற்கனவே வருஷா வருஷம் இறங்கித் தான் வர்றாங்க, வேலைக்கு. அதுல எவ்வளவு ஆபத்து இருக்குன்னு 2015 ஏப்ரல் 7ல நாடே பாத்துச்சு, சேஷாசலம் காட்டுல செம்மரம் வெட்டப் போனதா சொல்லி ஆந்திர போலீஸ் 20 பேரைச் சுட்டுச்சு, நிறைய பேர் ஜவ்வாது மலை, சித்தேரி பக்கத்து ஆளுங்க.  மேல ஒரு நாள் கூலி கிடைக்காத மாசத்துல பல மடங்கு சம்பளம்னு ஒருத்தன் வந்து சொன்னா போகாம என்ன பண்ணுவான். நூறு நாள் வேலை இதுக்குத் தான் உதவியா இருந்துச்சு, அதுலயும் 2023 ஜனவரியில இருந்து ஆப்புல ரெண்டு வேளை போட்டோ வருகைப் பதிவு கட்டாயம்னாங்க, சிக்னல் இல்லாத ஊர்ல போட்டோ எடுத்து வச்சுட்டு சிக்னல் பாறைக்குப் போய் ஏத்தணும், ஏறலன்னா அன்னைக்கு கூலி சந்தேகம். எல்லா மலை ஊர்லயும் இப்ப சிக்னல் பாறைன்னு ஒரு இடம் இருக்கு, சாயந்திரம் பூரா இளவட்டம் அங்க தான்.

ரோடு வந்தா எல்லாம் சரியாயிடுமா? ரோடு வரணும், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல, டோலியில ஒருத்தரை இறக்கறதை ஒரு தடவை கூட நடந்து பாத்தவன் ரோடு வேண்டாம்னு சொல்ல மாட்டான். ஆனா கூடவே என்ன வரும்னு கொல்லிமலையைப் பாத்தா தெரியும், 70 கொண்டை ஊசி வளைவு ஏறி ரோடு எப்பவோ போயிடுச்சு. லாரி வந்ததும் எடை கணக்கு மாறிடுச்சு, கனமான மரவள்ளியும் விக்கலாம்னு ஆச்சு, கீழ சேலம் நாமக்கல் ஜவ்வரிசி ஆலைங்க வாங்கிக்க தயாரா இருந்தாங்க, சாமை போட்ட நிலம் மரவள்ளிக்கு மாறுச்சு. காசு வந்துச்சு, பொய் இல்ல. பின்னாடியே நிலம் வாங்கறவங்களும் வந்தாங்க. ஆந்திராவுல பழங்குடிப் பகுதி நிலத்தைப் பழங்குடி அல்லாதவங்களுக்கு விக்க முடியாதுன்னு 1959ல சட்டம் போட்டு 1970ல இன்னும் இறுக்கினாங்க. தமிழ்நாட்டுல அரசியலமைப்பு அஞ்சாவது அட்டவணைப் பகுதின்னு (பழங்குடிகளுக்கு தனிப் பாதுகாப்பு இருக்கற பகுதி) ஒரு இடமும் கிடையாது, அதனால அந்த மாதிரி பாதுகாப்பு இங்க பலவீனம். என் அபிப்பிராயம், வன உரிமைப் பட்டா முதல்ல, ரோடு அதோட கூடவே. வன உரிமைப் பட்டாவை விக்க முடியாது, வாரிசுக்குத் தான் போகும், அது ஒரு பூட்டு. பட்டா வராம ரோடு மட்டும் வந்த இடத்துல ரிசார்ட் போர்டு தான் முதல்ல நட்டாங்க.

கடைசியா என்ன எடுத்துட்டுப் போலாம்னு கேட்டீங்க. பிஸ்கட் சாக்லேட் பாக்கெட் வேண்டாம், அந்த பிளாஸ்டிக்கை இறக்க அங்க வண்டி வராது, நீங்க கொண்டு போற குப்பையை நீங்களே இறக்கிடுங்க. பழைய துணி மூட்டையும் வேண்டாம், நிறைய பேர் கொண்டு வந்து போட்டு அங்கங்க கிடக்குது. உருப்படியா ஏதாவது செய்யணும்னா கிளம்பறதுக்கு முன்னாடி அந்த ஊர் ஆள் யாருக்காவது போன் போட்டு என்ன வேணும்னு கேளுங்க, பெரும்பாலும் பாட்டிக்கு பிரஷர் மாத்திரை, டார்ச்சுக்கு பேட்டரி, பசங்களுக்கு நோட்டு, இப்படி ஏதாவது சின்னது தான் சொல்லுவாங்க, நீங்க ஏறும்போது ரெண்டு கிலோ தூக்கினா ஒருத்தருக்கு ஒரு நடை மிச்சம். இறங்கும்போது மிளகோ தேனோ காபிக் கொட்டையோ அவங்ககிட்டயே வாங்குங்க, டவுன் விலையையே குடுங்க, பேரம் பேசாதீங்க. வெள்ளகவி போனா ஊருக்குள்ள செருப்பைக் கழட்டிடுங்க, அங்க யாரும் போட மாட்டாங்க. அப்புறம் அனுமதி இல்லாம காட்டு வழியில ஏறாதீங்க, 2018 மார்ச்ல குரங்கணி தீயில 23 பேர் போனாங்க, முதல்ல ஓடி வந்து தூக்கினது மலை ஜனங்க தான். 2024 கடைசியில இருந்து வனத்துறையே 40 பாதைக்கு ஆன்லைன்ல புக்கிங் விட்டிருக்காங்க, வழிகாட்டிங்களா அந்தந்த ஊர்ப் பசங்களைப் போட்டிருக்காங்க, அதுல போனா குடுக்கற காசுல கொஞ்சமாவது அந்தப் பசங்க கைக்குப் போகும்.